64 பிட் ப்ராசசர், 32 பிட் வாசல்: மினி லேப்டாப்பில் லினக்ஸ்

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தி விட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டர்களை வைத்திருப்பவர்கள் பலரும் லினக்ஸ் பக்கம் திரும்பி இருக்கிறார்கள். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் சிரமம் இல்லாமல் ஏறி விடும். ஆனால் ஒரு வகை மினி லேப்டாப் மட்டும் பிடிவாதம் பிடிக்கும். பென் டிரைவைச் செருகினால் கண்டு கொள்ளவே கண்டு கொள்ளாது. ஏன் அப்படி, அதற்கு என்ன வழி என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

என் அக்கா மகளிடம் இருப்பது இந்த வகைதான். 2015-ல் வாங்கியது. இன்டெல் ஆட்டம் இசட்3735எஃப் ப்ராசசர், 2 ஜிபி ராம், 32 ஜிபி இஎம்எம்சி மெமரி. அவள் கல்லூரிப் பாடங்களுக்கு வீட்டில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர் அது. புதிதாக வாங்க இப்போது வசதி இல்லை. ஆகவே இதை எப்படியாவது ஓட வைத்தாக வேண்டும்.

பென் டிரைவ் மீது தவறா?

லினக்ஸ் மின்ட் 64 பிட் பதிப்பைப் பென் டிரைவில் எழுதிச் செருகினேன். பூட் மெனுவில் பென் டிரைவின் பெயரே வரவில்லை. செக்யூர் பூட்டை நிறுத்தினேன். ஃபாஸ்ட் பூட்டை நிறுத்தினேன். பலன் இல்லை. அதே பென் டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டேன். உடனே பூட் ஆனது. ஆக, பென் டிரைவ் சரி. ப்ராசசரும் 64 பிட் ப்ராசசர்தான். அப்படியானால் தடுப்பது யார்?

தடுப்பது வாசல்

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் முதலில் ஓடுவது மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர். பழைய நாளில் அது பயாஸ். இப்போது யூஇஎஃப்ஐ. பயாஸுக்கு 32 பிட், 64 பிட் என்ற கவலை கிடையாது. டிஸ்கின் தொடக்கத்தில் இருக்கும் சிறிய ப்ரோக்ராமை ஓட விட்டு அது ஒதுங்கிக் கொள்ளும். யூஇஎஃப்ஐ அப்படி இல்லை. டிஸ்கில் உள்ள ஒரு ஃபைலைத் தேடி எடுத்து, அதைத் தானே ஓட்டும். ஆகவே அந்த ஃபைல் தன் பிட் அளவிலேயே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும்.

64 பிட் யூஇஎஃப்ஐ தேடும் ஃபைலின் பெயர் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ. 32 பிட் யூஇஎஃப்ஐ தேடும் ஃபைலின் பெயர் பூட்ஐஏ32.இஎஃப்ஐ. இந்த மினி லேப்டாப்கள் 32 பிட் விண்டோஸுடன் விற்கப்பட்டவை. அதற்குப் பொருத்தமாக யூஇஎஃப்ஐயையும் 32 பிட்டிலேயே வைத்து விட்டார்கள். உள்ளே இருக்கும் ப்ராசசருக்கு 64 பிட் தெரியும். வாசலில் நிற்பவருக்கு 32 பிட் மட்டும்தான் தெரியும். லினக்ஸ் மின்ட் பென் டிரைவில் அவருக்குப் புரிகிற ஃபைல் இல்லை. அதனால் பென் டிரைவே இல்லாதது போல் நடந்து கொள்கிறார்.

விண்டோஸ் 11 இதில் ஏறாததற்கும் இது ஒரு காரணம். விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது.

உங்கள் கம்ப்யூட்டர் எந்த வகை?

இதைக் கண்டுபிடிக்க விண்டோஸே போதும். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போங்கள். சிஸ்டம் டைப் என்ற வரியைப் படியுங்கள். அடுத்து ரன் பாக்ஸில் எம்எஸ்இன்ஃபோ32 என்று டைப் செய்து, பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள்.

1. 64 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று இருந்தால் இந்தப் பிரச்சினை உங்களுக்கு இல்லை.

2. 32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 ப்ராசசர் என்று இருந்து, பயாஸ் மோட் லெகஸி என்றால் 64 பிட் லினக்ஸ் தாராளமாகப் பூட் ஆகும்.

3. அதே வரி இருந்து, பயாஸ் மோட் யூஇஎஃப்ஐ என்றால் உங்களுடையது 32 பிட் வாசல். யூஇஎஃப்ஐ வழியாகப் பூட் ஆகும் விண்டோஸ் அதே பிட் அளவில்தான் இருக்க முடியும். அதனால் இதில் சந்தேகமே வேண்டாம்.

4. எக்ஸ்86 ப்ராசசர் என்றே இருந்தால் அது உண்மையான 32 பிட் கம்ப்யூட்டர். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 முதல் அதற்கான இன்ஸ்டாலர் நிறுத்தப்பட்டு விட்டது. அதில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

எந்த லினக்ஸ்?

32 பிட் வாசல் வழியாக 64 பிட் லினக்ஸ் உள்ளே போக முடியும். 2014-ல் வந்த லினக்ஸ் கெர்னல் 3.15 முதல் இதற்கு வசதி இருக்கிறது. 32 பிட் பூட் ஃபைலும் பென் டிரைவில் இருந்தால் போதும். நான் எடுத்துக் கொண்டது டெபியன் 12-ன் 64 பிட் நெட்இன்ஸ்ட். நீங்கள் வேறு எதை டவுன்லோட் செய்தாலும் ரூஃபஸ் மூலம் ஐஎஸ்ஓ முறையில் எழுதிய பிறகு பென் டிரைவைத் திறந்து, இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் என்ற ஃபோல்டரைப் பாருங்கள். பூட்ஐஏ32.இஎஃப்ஐ இருக்கிறதா? இருந்தால் மேலே போகலாம்.

அந்த ஃபைலை எங்கிருந்தாவது காப்பி செய்து போட்டு விடலாமே என்று சிலர் கேட்பார்கள். பென் டிரைவ் பூட் ஆகி விடும். ஆனால் இன்ஸ்டால் முடிந்து ரீஸ்டார்ட் செய்யும்போது மீண்டும் அதே வாசல். லேப்டாப்பின் உள் மெமரியிலும் 32 பிட் க்ரப் இருந்தாக வேண்டும். டெபியன் இன்ஸ்டாலர் வாசல் எந்த வகை என்று பார்த்து, அதற்கேற்ற க்ரப்பைத் தானே போட்டு விடும்.

அழிப்பதற்கு முன்

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். முதலில் போட்டோக்கள், பாடக் குறிப்புகள் எல்லாவற்றையும் வெளியே காப்பி எடுங்கள். காப்பி எடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்கள். விண்டோஸில் டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன் ஆகி இருந்தால் ரிகவரி கீயை எழுதி வையுங்கள். செக்யூர் பூட்டை மாற்றினால் விண்டோஸ் அதைக் கேட்கலாம். திரும்பி வர ஒரு வழி வேண்டும் என்பதால் ரிகவரி டிரைவ் ஒன்றையும் உருவாக்கிக் கொள்ளுங்கள். அதன் பிறகு செக்யூர் பூட்டை நிறுத்துங்கள்.

சில மாடல்களில் ஒரே ஒரு யூஎஸ்பி போர்ட்தான் இருக்கும். அதற்கு ஒரு யூஎஸ்பி ஹப் தேவை. பேட்டரியை முழுவதும் சார்ஜ் செய்து விட்டுத் தொடங்குங்கள்.

இன்ஸ்டால் செய்யும் முறை

கிராஃபிகல் இன்ஸ்டால் என்பதைத் தேர்வு செய்தால் தமிழிலேயே கேள்விகள் வரும். மொழி, கீபோர்டு, பிறகு நெட்வொர்க். இங்கே சற்று நில்லுங்கள். வைஃபை தெரிகிறதா? இதுவரை உள் மெமரியில் ஒரு எழுத்துகூட எழுதப்படவில்லை. வைஃபை தெரியாவிட்டால் வெளியேறி விடலாம், விண்டோஸ் அப்படியே இருக்கும். அல்லது செல்போனை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, டெதரிங் மூலம் இன்டர்நெட் கொடுக்கலாம்.

பார்ட்டிஷன் திரையில் எஸ்டிஏ என்று தேடாதீர்கள். இஎம்எம்சி மெமரி எம்எம்சிபிஎல்கே என்று தொடங்கும் பெயரில் தெரியும். எஸ்டிஏ என்று தெரிவது உங்கள் பென் டிரைவாக இருக்கும். மாற்றங்களை டிஸ்கில் எழுதலாமா என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். அதற்கு ஆம் என்று சொல்லும் வரை எதுவும் அழியாது. சொன்ன பிறகு திரும்ப முடியாது. டெஸ்க்டாப் பட்டியலில் கனோமை விட்டு விட்டு எல்எக்ஸ்க்யூடி அல்லது எக்ஸ்எஃப்சிஇ எடுங்கள். 2 ஜிபி ராமுக்கு அவைதான் ஏற்றவை.

என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது?

அவள் லேப்டாப்பில் வைஃபை, டச்பேட், வீடியோ எல்லாம் வேலை செய்தன. லிப்ரே ஆஃபீஸ் திறக்கிறது. ஐபஸ், எம்17என் நிறுவியதும் தமிழ்99-ல் டைப் செய்கிறாள். உள்ளே இருக்கும் கேமரா வேலை செய்யவில்லை. ஆன்லைன் வகுப்புக்கு முகம் காட்ட செல்போன்தான். ப்ரவுசரில் நான்கைந்து டேப்களுக்கு மேல் திறந்தால் திணறுகிறது.

இந்த ஆட்டம் வகையில் திரை அப்படியே உறைந்து நிற்கும் கோளாறு சிலவற்றில் உண்டு. கெர்னல் வரியில் ப்ராசசரின் தூக்க நிலையை, அதாவது சி-ஸ்டேட்டை, 1-க்கு மேல் போகாமல் கட்டுப்படுத்துவது இதற்கு வழக்கமான மருந்து. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும். பாதிக் கட்டுரையில் திரை உறைவதை விட அது மேல்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். லினக்ஸ் ஏறவில்லை என்றவுடன் ஒவ்வொரு லினக்ஸாக மாற்றி மாற்றி டவுன்லோட் செய்ய வேண்டாம். ப்ராசசர் எத்தனை பிட், வாசல் எத்தனை பிட், வைஃபை தெரிகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கு முதலில் பதில் தேடுங்கள். டிஸ்கைத் தொடாமலே இந்த மூன்றையும் தெரிந்து கொள்ளலாம்.