வாய் எரிகிறதா? சூடு என்று விட்டுவிடாதீர்கள்



"சம்பல் பட்டாலே வாய் எரியுது, உடம்புச் சூடுதான்" என்று சொல்லிச் சும்மா இருக்கக் கூடாது.

வெற்றிலை போடுபவர்களுக்கு இப்படி எரிந்தால், பாக்கினால் கன்னத்தின் உட்பக்கம் இறுகத் தொடங்கியிருக்கலாம். நடு மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் தாமதிக்க வேண்டாம். இறுகியது பழையபடி இளகுவது கஷ்டம். பின்னர் புற்றுநோயாகவும் மாறலாம். இலங்கை ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோயே. பொயிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆகவே பாக்கை இன்றே விடுங்கள்.

வெற்றிலை போடாதவர்களுக்கும் இரத்தச்சோகை, சீனி வியாதி, பொருந்தாத பல் செட் என்பவற்றால் வாய் எரியலாம். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்கள் சிலருக்குக் காரணம் எதுவும் தெரியாமலே நாக்கு எரியும். அது புற்றுநோய் அல்ல, பிறருக்குத் தொற்றாது. உறைப்பு, புளி, கொதிக்கும் தேத்தண்ணி ஆகியவற்றைக் குறைத்து, குளிர்ந்த தண்ணீரை அடிக்கடி குடித்தால் ஆறுதலாக இருக்கும்.

எது எப்படியென்று டொக்டர்தான் சொல்ல வேண்டும். வில்கமுவப் பகுதியினர் மாத்தளை ஆஸ்பத்திரி பல் டொக்டரிடம் வாயைக் காட்டுங்கள். தேவையானால் பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். ஒருநாள் பேர் போனாலும் பரவாயில்லை, போய்க் காட்டுங்கள்.