அதிமதுரம்: இனிமையும் அளவும்

காஞ்சி நகரத்து நாட்டு மருந்துக் கடைகளில் இருமலுக்கும் தொண்டைக் கட்டுக்கும் நாம் வாங்கும் வேர் அதிமதுரம். யூனானி மருத்துவர் இதனை 'அஸ்லுஸ்ஸூஸ்' என்பர். சீனர் 'கான்சாவ்', அதாவது 'இனிப்புப் புல்' என்பர். சீன மருத்துவத்தில் இது பெரும்பாலும் துணை மருந்தே. ஏனைய மூலிகைகளின் கடுமையைத் தணித்து அவற்றை இணங்கச் செய்வது இதன் பணி. ஆதலின் பற்பல கூட்டு மருந்துகளில் இடம்பெறுகின்றது.

இவ்வேரின் இனிமைக்குக் காரணம் 'கிளைசிரைசின்' என்னும் பொருளாகும். 1946இல் ஆலந்து நாட்டு மருத்துவர் ரெவர்ஸ், வயிற்றுப் புண்ணுக்கு இவ்வேரின் சாற்றை வழங்கியபோது, புண் ஆறக் கண்டார். சிலருக்கு உடல் வீங்கவும் கண்டார். நாள்தோறும் மிகுதியாக உண்டால் உப்பும் நீரும் உடலில் தங்கும், பொட்டாசியம் குறையும், இரத்த அழுத்தம் உயரும்.

எனவே இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உடையோரும் கருவுற்ற மகளிரும் மருத்துவரைக் கேளாது இதனை உண்ணலாகாது. வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் உணவுக்கே அளவை வற்புறுத்துகின்றார். மருந்துக்கு அஃது எத்துணை இன்றியமையாதது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.