சந்தையும் அந்தாதியும்



வயது முதிர்ந்தபின் பாசுரங்களைப் புத்தகமின்றிச் சேவிக்க முயலும் அன்பர்களுக்கு, நாம் பட்ட பாடு சிறிது பயன்படக்கூடும்.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் திருவாய்மொழி கற்கத் தொடங்கினோம். ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே புத்தகத்தைப் பார்த்துச் சொல்வது வழக்கமாயிற்று. கோஷ்டியில் அமர்ந்தால் நாவு தடையின்றி ஓடும். முதற்பத்து முழுவதும் வந்துவிட்டதென்றே எண்ணியிருந்தோம். ஒருநாள் பெருமழை, அத்யாபக ஸ்வாமியும் நாமும் மட்டுமே. அவர் தொடங்கிவைத்து, நம்மைத் தொடரச் சொன்னார். நான்காம் பாசுரம் முடிந்தது, ஐந்தாவது வரவில்லை. அதன் முதற்சொல் நாவின்மேலேயே இருந்தும் வரவில்லை! இதுகாறும் சேவித்தவர் நாம் அல்லோம், கோஷ்டியே நம்மைச் சுமந்து சென்றது என்பது அன்று விளங்கிற்று.

"தேவரீர் பாசுரங்களைக் கற்றீர், இடையிலுள்ள மூட்டுவாயைக் கற்கவில்லை" என்று கூறி, ஸ்வாமி நம்மைச் சந்தைக்கு அமர்த்தினார். ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணவர் இருமுறை சொல்வது சந்தை. முதலில் அடியைத் துண்டுகளாகவும், பின்னர் ஓரடி, ஈரடி, முழுப் பாசுரம் என்றும் வளரும். கண்ணுக்கு அங்கே வேலையில்லை. எல்லாம் செவியின் பொறுப்பே.

திருவாய்மொழியின் 1102 பாசுரங்களும் அந்தாதியாய் அமைந்தவை. வங்கிப் பேரேட்டில் ஒரு பக்கத்தின் அடியிலுள்ள மொத்தத்தை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதி வந்த நமக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆயினும் பாசுரத்திற்குப் பாசுரம் நிறுத்தி, மூச்சு வாங்கிப் பழகியதால், அந்தாதிச் சொல் செவியில் ஒட்டவேயில்லை. இப்போது ஒரு பாசுரத்தின் ஈற்றடியையும் அடுத்ததன் முதலடியையும் இணைத்து, ஒரே மூச்சில் பத்துமுறை சொல்கிறோம். பதினொரு பாசுரப் பதிகத்தில் மூட்டுவாய்கள் பத்து. அடுத்த பதிகத்தோடு சேர்ப்பது ஒன்று.

திருப்பாவையில் இத்துணை இல்லை. அங்கே பொருளே வரிசை காட்டும். 6 முதல் 15 வரையான பாசுரங்கள் தோழியரை எழுப்புவன. பலர் தடுமாறுவதும் அங்கேதான். ஒவ்வொரு தோழியின் இயல்பையும் நினைவிற்கொண்டால் இடம் மாறாது.

தற்போது நாளொன்றுக்கு ஒரு பாசுரமே கற்கிறோம். கணக்கிட்டுப் பார்த்தோம்: மூன்றாண்டும் ஏழு நாளும் ஆகும், இடையில் லீப் ஆண்டு வந்தால் ஆறு நாள். நமக்கு வயது 67. நேற்று ஸ்வாமி ஒரு பதிகத்தின் ஏழாம் பாசுரத்திலிருந்து தொடங்கச் சொன்னார். எட்டாவதற்குத் தடையின்றிச் சென்றோம்.