செல்போன் ஸ்டார்ட்டர்: வாங்கும் முன் சோதியுங்கள்

சிவகங்கை மாவட்டம் ஒக்கூர் போன்ற ஊர்களில் வீட்டுக்கும் கிணற்றுக்கும் தூரம் அதிகமுள்ள விவசாயிகளுக்கு, பம்புசெட்டை வீட்டிலிருந்தே இயக்கும் செல்போன் ஸ்டார்ட்டர் நடையை மிச்சப்படுத்தும். ஆனால் வீட்டில் டவர் கிடைத்தால் மட்டும் போதாது. ஸ்டார்ட்டரினுள் உள்ள சிம் கார்டுக்கு மோட்டார் கொட்டகையிலும் டவர் கிடைக்க வேண்டும். தகரக் கொட்டகைக்குள் சிக்னல் மேலும் குறையும்.

ஆகவே, பொருத்தவிருக்கும் சிம் கார்டைச் சாதாரண செல்போனில் போட்டு, கொட்டகைக்குள் வைத்துக் கதவைச் சாத்தவும். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் வீட்டிலிருந்து 10 முறை அழைத்துப் பார்க்கவும். அடிக்கடி தவறினால் வேறு நிறுவனத்தின் சிம் கார்டைச் சோதிக்கவும். அல்லது ஆன்டெனாவைக் கொட்டகைக்கு வெளியே உயரத்தில் பொருத்தச் சொல்லவும்.

மோட்டார் ஓடும்போது டவர் போய்விட்டால், நிறுத்தும் உத்தரவு போய்ச் சேராது. கிணறு வற்றியபின் நீர்மூழ்கி மோட்டார் வெறுமனே ஓடினால் காயில் கருகக்கூடும். எனவே, நேரக் கட்டுப்பாடும், தண்ணீர் இல்லாதபோது தானே நிற்கும் வசதியும் உள்ள கருவியையே வாங்கவும்.

பொருத்திய அன்றே 10 நிமிட நேரம் வைத்து மோட்டாரை ஓட்டி, கையிலுள்ள செல்போனை அணைத்து விடவும். குறித்த நேரத்தில் மோட்டார் தானே நிற்க வேண்டும். நிற்காவிடில் சரிசெய்து தரும்வரை பாக்கிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.