டீசல் கார்ல மிச்சமாகிற 2 ரூபாயில் 1 ரூபாய் உங்களுடையது இல்லை!



சம்பளம் கொஞ்சம் ஏறினதும் நம்மில் நிறைய பேருக்கு வர்ற அடுத்த யோசனை கார். "டீசல் எடுத்தா மைலேஜ் நல்லா வரும், லிட்டர் விலையும் கம்மி"ன்னு யாராவது சொல்லிட்டா போதும், மனசு அங்கேயே போயிடும். மைலேஜ் விஷயம் உண்மைதான். ஆனா இன்றைய டர்போ டீசல் இன்ஜின், பழைய அம்பாசிடர் டீசல் மாதிரி "ஊத்து, ஓட்டு" ரகம் கிடையாது. ஒழுங்கா கவனிச்சா லட்சக்கணக்கான கிலோமீட்டர் உழைக்கும். கவனிக்கலைன்னா, வருஷக்கணக்குல சேர்த்த மைலேஜ் லாபத்தை ஒரே பில்லில் வாங்கிக்கும்.

அதனால இன்னைக்கு கணக்கையும் இன்ஜினையும் சேர்த்தே பார்ப்போம்.

முதல்ல கணக்கு

பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 92.50 ரூபாய்னு வச்சுக்குவோம். ஒரே மாடல் காரில் பெட்ரோல் 15 கிலோமீட்டர், டீசல் 20 கிலோமீட்டர் மைலேஜ் தருதுன்னு எடுத்துக்குவோம்.

- பெட்ரோல் செலவு: கிலோமீட்டருக்கு சுமார் 6.73 ரூபாய்
- டீசல் செலவு: கிலோமீட்டருக்கு சுமார் 4.63 ரூபாய்
- மிச்சம்: 2.10 ரூபாய்

இந்த 2.10 முழுவதும் நம்ம பாக்கெட்டுக்குத்தான்னு நினைக்கிறதுதான் சிக்கல். டர்போ, இன்ஜெக்டர், டிபிஎஃப் என்று டீசலில் விலை அதிகமான பாகங்கள் இருக்கு. வழக்கமான சர்வீஸ் செலவு பெட்ரோல் காருக்கும் உண்டு, அதை விட்டுடுங்க. டீசலின் இந்தக் கூடுதல் ரிஸ்க்குக்காக கிலோமீட்டருக்கு 1 ரூபாயைத் தனியா எடுத்து வைக்கணும். அப்போ உண்மையான மிச்சம் 1.10 ரூபாய்தான்.

இப்போ இரண்டு பேரைப் பார்ப்போம். டீசல் மாடலுக்கு 1,25,000 ரூபாய் கூடுதல் விலைன்னு வச்சுக்கோங்க.

முதல் ஆளுக்கு மேடவாக்கத்தில் வீடு, சோழிங்கநல்லூரில் ஆபீஸ். வார இறுதி சுற்றலையும் சேர்த்தா மாதம் 500 கிலோமீட்டர். மாத மிச்சம் 550 ரூபாய். கூடுதலா கொடுத்த காசு திரும்பி வர கிட்டத்தட்ட 19 வருஷம் ஆகும்!

இரண்டாவது ஆள் மருந்து கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலைன்னு மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுறார். மாத மிச்சம் 2,200 ரூபாய். 5 வருஷத்துக்குள்ள காசு திரும்பிடும்.

லோன் வட்டியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. அதையும் சேர்த்தா முதல் ஆளோட நிலைமை இன்னும் மோசம். உங்க ஊர் விலையையும் உங்க கிலோமீட்டரையும் போட்டு ஒரு தடவை பார்த்துடுங்க.

குறைவா ஓட்டுறவருக்கு இரண்டாவது அடி

இது வெறும் எரிபொருள் கணக்கு மட்டும் இல்லை. அந்த முதல் ஆளோட டீசல் இன்ஜின்தான் சீக்கிரம் பழுதாகவும் வாய்ப்பு அதிகம். ஏன்னு பாருங்க.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6 விதி வந்தது. அதுக்காக டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி சேர்ந்தது. புகையில் வர்ற கரித்தூளை அது பிடிச்சு வச்சு, அப்பப்போ எரிச்சுத் தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும். அப்படி எரிய சுமார் 600 டிகிரி வெப்பம் வேணும். ஹைவேயில் சீரா ஓடும்போது அது சுலபம். 7 கிலோமீட்டர் தூரத்தை 40 நிமிஷம் ஊர்ந்து போனா நடக்காது. கரி சேர்ந்துகிட்டே போகும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. வடிகட்டியைச் சூடாக்க இன்ஜின் கூடுதலா டீசலைத் தெளிக்கும். அந்த நேரம் பார்த்து அடிக்கடி வண்டியை ஆஃப் பண்ணினா, எரியாத டீசல் கொஞ்சம் கொஞ்சமா இன்ஜின் ஆயிலில் கலந்து ஆயில் நீர்த்துப்போகும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தா சந்தோஷப்படாதீங்க, உடனே சர்வீஸ் சென்டரில் காட்டுங்க. நீர்த்த ஆயில் முதலில் கடிக்கிறது டர்போவைத்தான்.

டர்போவும் இன்ஜெக்டரும்

டர்போவின் சுழல்தண்டு நிமிஷத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல சுத்தும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். ஆயில் பழசானாலோ குறைஞ்சாலோ அந்தப் படலம் போச்சு, டர்போவும் போச்சு.

இன்ஜெக்டர் வேற கதை. உங்க கார் டயரில் இருக்கிற அழுத்தம் சுமார் 2.2 பார். இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் டீசல் 1,600 பார், சில வண்டிகளில் 2,000 பார் வரை அழுத்தத்தில் தெளிக்கப்படுது. இந்த அளவு அழுத்தத்தில் டீசலில் கொஞ்சம் தண்ணீரோ தூசியோ இருந்தாலும் பம்ப்பும் இன்ஜெக்டரும் பாழாகும்.

காசை மிச்சப்படுத்தும் 7 பழக்கங்கள்

1. மேனுவலில் சொன்ன ஆயில் மட்டும் ஊத்துங்க. டிபிஎஃப் இருக்கிற வண்டிக்கு சாம்பல் குறைவா வர்ற தனி ரக ஆயில் வேணும். இங்கே 500 ரூபாய் மிச்சம் பிடிக்கிறது வீண்.
2. கிலோமீட்டர் ஓடலைன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்துங்க.
3. காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் ஆக்சிலரேட்டரை உறுமவிடாதீங்க. முதல் சில நிமிஷம் நிதானமா ஓட்டுங்க.
4. ஹைவேயில் வேகமா வந்து சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது, ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு ஆஃப் பண்ணுங்க. சூடான டர்போவில் ஆயில் கருகாம இருக்கும்.
5. டீசல் ஃபில்டரை சரியான கெடுவில் மாத்துங்க. ஃபில்டரில் தண்ணீர்னு விளக்கு எரிஞ்சா தள்ளிப்போடாதீங்க.
6. டிபிஎஃப் விளக்கு எரிஞ்சா, மேனுவலில் சொன்ன வேகத்தில் 15, 20 நிமிஷம் நிற்காம ஓட்டுங்க. ஞாயிறு அதிகாலை மாமல்லபுரம் வரை ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம். அப்பவும் அணையலைன்னா சர்வீஸ் சென்டர்தான்.
7. தப்பித்தவறி பெட்ரோல் போட்டுட்டா ஸ்டார்ட் பண்ணவே கூடாது. டீசல்தான் அந்த பம்ப்புக்கு எண்ணெய்ப்பசை தருது. டேங்க்கை காலி பண்ணுற செலவு சின்னது, பம்ப் செலவு பெருசு.

சிலர் "டிபிஎஃப்பை கழட்டிடலாம், தொல்லை இல்லை"ன்னு சொல்வாங்க. அது சட்ட விரோதம், வாரன்டியும் போயிடும். பக்கமே போகாதீங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்களுக்கு

2020க்கு முந்தைய பிஎஸ்4 டீசல் சந்தையில் நிறைய இருக்கு. ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜின் நல்ல உதாரணம். மாருதி ஸ்விஃப்ட்டிலும் டாடா விஸ்டாவிலும் ஓடினது அதே இன்ஜின்தான். 2020ல் மாருதி டீசலையே நிறுத்திடுச்சு. இன்ஜின் பேர் எவ்வளவு பெருசா இருந்தாலும், நீங்க வாங்கப்போறது அந்த ஒரு வண்டியை எப்படி வச்சிருந்தாங்க என்பதைத்தான். அதனால இதையெல்லாம் பாருங்க:

- முழு சர்வீஸ் பில் இருக்கா? ஆயில் மாத்தின தேதிகளை வரிசையா பாருங்க.
- இன்ஜின் ஆறிப்போய் இருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. முன்னாடியே சூடாக்கி வச்சிருந்தா உஷார்.
- நீலப் புகை வந்தா ஆயில் எரியுது. அடர்ந்த கரும்புகை வந்தா காற்று அல்லது எரிபொருள் பக்கம் கோளாறு.
- பிஎஸ்6 வண்டின்னா ஸ்கேனர் போட்டு டிபிஎஃப்பில் எவ்வளவு கரி சேர்ந்திருக்குன்னு பாருங்க.

இந்த மாசமே செய்ய வேண்டியது

டீசல் கார் ஏற்கனவே இருந்தா, ஒரு தனி ஆர்டி ஆரம்பிங்க. மாசம் 1,200 கிலோமீட்டர் ஓட்டினா 1,200 ரூபாய். 5 வருஷத்தில் வட்டி இல்லாமலே 72,000 ரூபாய் சேரும். டர்போவோ இன்ஜெக்டரோ வேலை வச்சா கிரெடிட் கார்டைத் தேய்க்க வேண்டாம். ஒண்ணும் ஆகலைன்னா அது அடுத்த காருக்கு முன்பணம்.

இன்னும் வாங்கலைன்னா, கடந்த 3 மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டியிருக்கீங்கன்னு முதல்ல எழுதுங்க. மாசம் 1,000 கிலோமீட்டரைத் தாண்டலைன்னா பெட்ரோலே போதும் நண்பர்களே. ஷோரூமில் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி, கார் தேடிக்கிட்டு இருக்கிற உங்க நண்பருக்கும் இந்தக் கணக்கை அனுப்பி வைங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்!