ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ்ஷை நிறுத்தாதே, தங்கச்சி!

பல் தேய்த்துத் துப்பும்போது ரத்தம் தெரிந்தால், மறுநாள் முதல் அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறோம். அதைச் செய்யாதேம்மா. ரத்தம் வருகிற இடத்தில்தான் அழுக்கு தங்கியிருக்கிறது. மென்மையான பிரஷ்ஷை ஈறு விளிம்பை நோக்கிச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல், அங்கேயே தேய்.

ஈறு நோயை ஒற்றைக் கிருமி உண்டாக்குவதில்லை. வாயில் 700க்கும் மேற்பட்ட பாக்டீரியா இனங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன; பெரும்பாலானவை சாதுவானவை. பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பிசுபிசுப்பான படலத்தை அப்படியே விட்டால், முதலில் ஒட்டிய கிருமிகளின் மேல் அடுத்தவை ஒட்டும். ஆக்சிஜன் குறையக் குறைய, அது இல்லாமலே வளரும் முரட்டுக் கிருமிகள் அடியில் பெருகும். 1998-ல் சோக்ரான்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, எந்தக் கிருமி எதனோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து நிறம் கொடுத்துப் பிரித்தது. ஆழமான ஈறுப் பள்ளங்களில் ஒன்றாகவே கிடைத்த மூன்றுக்குச் சிவப்பு.

இந்தக் கூட்டத்தோடு வைரஸும் சேர்கிறது. எப்ஸ்டீன்-பார், சைட்டோமெகலோ ஆகிய இரண்டும் ஹெர்பிஸ் குடும்பம். பெரியவர்களில் மிகப் பலரின் உடம்பில் சத்தமில்லாமல் தங்கியிருப்பவை. ஆரோக்கியமான ஈறைவிட நோயுற்ற ஈறுப் பள்ளங்களில் இவை அதிகம் கிடைக்கின்றன. நம்மைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களுக்குள்ளேயே இவை ஒளிந்திருப்பதால், அங்கே எதிர்ப்பு சக்தி தளர்ந்து பாக்டீரியாவுக்கு வழி விடுகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. வைரஸ் தனியாகவே ஈறு நோயைக் கொண்டுவரும் என்று நிரூபணமாகவில்லை. கூட்டாளி என்று வைத்துக்கொள்.

அதனால்தான் மெடிக்கல் ஷாப்பில் நீயாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதே என்கிறேன். வைரஸை அது தொடவே தொடாது. ஒட்டிக்கிடக்கும் படலத்துக்குள்ளும் சரியாக இறங்காது. மவுத்வாஷும் மேலோடு போய்விடும். படலத்தைக் கையால் கலைத்தே ஆக வேண்டும். 1965-ல் டென்மார்க்கில் ஹரால்டு லோ குழுவினர், ஆரோக்கியமான ஈறு உள்ளவர்களைப் பல் சுத்தம் செய்யாமல் இருக்கச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி சுத்தம் செய்யத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் சரியானது. ஆகவே ஆரம்பக்கட்டம் உன் கையில்தான். இரண்டு வேளை, இரண்டு நிமிடம் தேய்; ராத்திரி பல்லிடுக்கில் ஃப்ளாஸ் அல்லது இடுக்கு பிரஷ். உமிக்கரி, செங்கல் பொடி வேண்டவே வேண்டாம், ஈறு தேய்ந்துவிடும்.

படலம் இறுகிக் காரை கட்டிவிட்டால் பிரஷ்ஷால் ஆகாது, பல் டாக்டரிடம் ஸ்கேலிங்தான். "ஸ்கேலிங் பண்ணினால் பல் ஆடும்" என்பார்கள். எலும்பு ஏற்கெனவே கரைந்த பல்லைக் காரை பிடித்துவைத்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வை. அது ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றும். வீட்டில் சிகரெட் பிடிப்பவருக்கு ரத்தமே வராமல் நோய் முற்றலாம், அவரையும் பல் டாக்டரிடம் கூட்டிப் போ.

உதட்டோரம் நீர்க்கொப்புளம் இருக்கும்போது குழந்தைக்கு முத்தம் கொடுக்காதே, உன் ஸ்பூனால் ஊட்டாதே. அதுவும் ஹெர்பிஸ் குடும்ப வைரஸ்தான். முதன்முறை தொற்றும்போது சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு ஈறு செக்கச்செவேல் என்று வீங்கி, வாயெல்லாம் புண்ணாகும். குழந்தை சாப்பிட மறுக்கும், எச்சில் ஒழுகும். ஆறின கஞ்சி, இளநீர் என்று எதையாவது சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே, தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டு.

பல் டாக்டரிடம் போனால் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்குள் இறக்கி, "மூணு, மூணு, அஞ்சு" என்று எண் சொல்வார். மூன்று வரை பயமில்லை. நாலோ அதற்கு மேலோ போனால் கவனிக்க வேண்டும். வெறும் "கிளீனிங்" மட்டும் செய்து அனுப்பினால், "என் ஈறுப் பள்ளம் எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வா.