திண்டுக்கல்லில் அம்மா, பெங்களூரில் நீங்கள்

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்காக அம்மா மாதாமாதம் பஸ் ஏற வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

மாத்திரை அட்டையைப் பின்பக்கமாகத் திருப்பி வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், அளவு, எத்தனை மிச்சம் எல்லாம் தெரிந்துவிடும். “சாப்பிட்டாச்சுப்பா” என்பதை முழுசாக நம்ப வேண்டாம்!

அண்ணன், தங்கை, நீங்கள் என ஆளாளுக்கு டாக்டரைக் கூப்பிடாதீர்கள். ஒருவர் பேசினால் போதும்.

முதியோர் உதவிக்கு 14567. பெங்களூரிலிருந்து 108-ஐ அழைத்தால் கர்நாடகத்துக்குத்தான் போகும். எனவே பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்து, அவசரமென்றால் அவரையே 108-ஐ அழைக்கச் சொல்லிவையுங்கள்.